கரட்டு வழியும் கன வண்டியும்



ஒரு பொருளுக்கு வழங்கும் பெயரே அப்பொருளைப் பற்றித் தவறான எண்ணத்தை ஊட்டிவிடுவது உண்டு. மோட்டார் வண்டியின் சக்கரத்துக்கு அருகே, அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே, நீண்ட குழல் போன்ற ஒரு கருவி பொருத்தப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனை 'ஷாக் அப்சார்பர்' என்கிறோம்; தமிழில் அதிர்ச்சிதாங்கி என்று எழுதுகிறோம். உண்மையில் அது வண்டியின் சுமையைத் தாங்குவதில்லை. அதிர்ச்சியையும் முதலில் ஏற்பது அதுவன்று. கல்லின்மீது சக்கரம் ஏறும்போது அந்த அடியை ஏற்பது வில். ஆனால் ஏற்ற ஆற்றலை வில் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. உடனே திருப்பித் தந்துவிடுகிறது. அதனால் வண்டி ஊஞ்சல் போல் மேலும் கீழும் ஆடத் தொடங்குகிறது. அந்த ஆட்டத்தைப் பிடித்து அடக்குவதே இக்குழலின் தொழில். பொறியியலார் இதனை 'டாம்பர்' என்பது பொருத்தமே. நான் இதனைத் தணிப்பான் என்றே சொல்லப்போகிறேன்.

தணிப்பானைப் பற்றி எனக்குப் பாடம் கற்பித்தது ஒரு பாலைவனத் தடம். மேற்கு ஆஸ்திரேலியாவில், விலூனா என்னும் ஊருக்கும் வடக்கே ஹால்ஸ் கிரீக் என்னும் ஊருக்கும் இடையே ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளத்துக்கு அது செல்கிறது. கேனிங் கால்நடைத் தடம் என்பது அதன் பெயர். கிம்பர்லிப் பகுதியின் மாடுகளைத் தெற்கே ஓட்டி வருவதற்காக, ஆல்பிரட் கேனிங் என்னும் நில அளவையாளர் 1906-இலும் 1907-இலும் வழி கண்டு, 1908 முதல் 1910 வரை கிணறுகள் அமைத்தார். அந்நிலத்தின் பழங்குடி மக்களைச் சங்கிலியில் பிணைத்து, நீர் இருக்கும் இடங்களைக் காட்டச் செய்தார். இதுபற்றி 1908-இல் அமர்ந்த அரச விசாரணைக் குழு அவர்மீது குற்றமில்லை என்று தீர்த்தது. அத்தீர்ப்பை இன்று படிப்போர் மனம் ஒப்புவது அரிது. அத்தடத்தை மோட்டார் வண்டி முழுமையாகக் கடந்தது 1968-இல்தான். தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட மணல் மேடுகளை அது ஏறி இறங்குகிறது. இடைவழியில் எரிபொருள் வேண்டுமானால் 33-ஆம் கிணற்றுக்கு அருகே உள்ள குனவரிட்ஜி என்னும் சிற்றூரை நம்பியே செல்ல வேண்டும்.

பணி நிமித்தம் அந்நாட்டில் இருந்தபோது, நண்பர் மூவருடன் இரண்டு வண்டிகளில் அவ்வழியே புறப்பட்டேன். என்னுடையது ஒரு லேண்ட் க்ரூஸர். முன்னே சுருள்வில், பின்னே பட்டைவில். எரிபொருள், குடிநீர், உணவு, உதிரிப் பொருள்கள் யாவும் ஏற்றியபின் வண்டி மூன்று டன்னைத் தாண்டியது. சுமைக்காகப் பின்வில்லில் பட்டைகளைக் கூட்டியிருந்தேன். தணிப்பான் வாங்கும்போது நான் செய்த ஆராய்ச்சி ஒன்றே ஒன்று: கடையில் உள்ளவற்றுள் மிகக் கடினமானது எது என்று கேட்டேன். முரட்டு வழிக்கு முரட்டுக் கருவி வேண்டும் என்பது என் நினைப்பு. நகரச் சாலையில் வண்டி அசையாமல் ஓடிற்று. அதைக் கண்டு மகிழ்ச்சியும் அடைந்தேன்.

மணல் மேடுகள் எங்களை அவ்வளவாக வருத்தவில்லை. வருத்தியவை அவற்றுக்கு இடையிலுள்ள சமதரைகளே. அங்கே தரை, கூரை வேயும் தகரம் போல வரிவரியாக அலை மடிந்து கிடக்கும். ஈரமற்ற மண்பாதையில் சக்கரங்கள் ஓடி ஓடியே இவ்வலைகள் உண்டாகின்றன. கீத் மேதர் என்னும் இயற்பியலார் வட்ட மணற்பாதை ஒன்றில் சிறு சக்கரத்தைச் சுழல விட்டு, சமமாக இருந்த மணலில் தாமாகவே அலைகள் எழுவதைக் கண்டு 1963-இல் எழுதினார். 2007-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, சக்கரத்துக்கு வில்லே இல்லாவிடினும் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அலைகள் தோன்றும் என்று காட்டிற்று. ஆகவே இவ்வலைகளுக்கு வண்டியின் வில்லை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் 80 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், சக்கரம் நொடிக்கு 20 முறை உதைபடும். ஒவ்வோர் அலைக்கும் தணிப்பான் 2 சென்டிமீட்டர் சுருங்கி, 2 சென்டிமீட்டர் நீள்கிறது. அது காட்டும் தடை சராசரி 1,000 நியூட்டன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அலையிலும் 40 ஜூல் வேலை. நொடிக்கு 800 ஜூல், அதாவது 800 வாட். துணி தேய்க்கும் மின்பெட்டி ஒன்றை ஒவ்வொரு சக்கரத்துக்கும் கட்டி, மணிக்கணக்கில் எரியவிட்டதற்கு ஒப்பாகும் இது. இவ்வெப்பம் எங்கே போகும்? தணிப்பானுக்குள் எண்ணெய் இருக்கிறது. பிஸ்டனில் உள்ள சிறு துளைகளின் வழியே அது பிதுங்கி ஓடும்போது இயக்கம் வெப்பமாக மாறுகிறது. எண்ணெயிலிருந்து உலோகத்துக்கும், உலோகத்திலிருந்து காற்றுக்கும் வெப்பம் சென்றாக வேண்டும். செல்லாவிடின் எண்ணெய் இளகி, தடை குறைந்து, கருவி பெயரளவுக்கே இருக்கும்.

என் வண்டிக்கு நேர்ந்தது இதனினும் சற்று நுட்பமானது. கடினமான தணிப்பான், சுருங்கிய வில்லை விரைவில் விரிய விடாது. முதல் அலையில் மேலே தள்ளப்பட்ட சக்கரம் தன் நிலைக்குத் திரும்புவதற்குள் இரண்டாம் அலை வந்துவிடுகிறது, பின்னர் மூன்றாவது. இவ்வாறு வில் சிறிது சிறிதாகக் கீழேயே அமுங்கி, இறுதியில் அச்சு ரப்பர்க் கட்டையில் மோதத் தொடங்குகிறது. வில் இருந்தும் இல்லாத நிலை அது. நானோ, வண்டி இப்படி இடிக்கிறதே, இன்னும் கடினமானதை வாங்கியிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு ஓட்டினேன்.

குனவரிட்ஜிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் தெற்கே, உணவுக்காக நிறுத்தியபோது, பின் வலப்புறத் தணிப்பானிலிருந்து எண்ணெய் வடிந்து மணல் ஒட்டியிருந்தது. மாலையில் அதன் கீழ்க்கண்ணே முறிந்துவிட்டது. தொங்கிய குழல் பிரேக் குழாயை உரசிக்கொண்டிருந்ததை என் நண்பர் தற்செயலாகக் கண்டார். இன்னும் ஒரு மணி நேரம் சென்றிருந்தால் அக்குழாய் அறுந்திருக்கும். அடுத்து வருவதோ மணல் மேட்டின் இறக்கம். முறிந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பகல் ஊர்ந்தோம். குடிநீரைக் குவளையால் அளந்து குடித்தோம்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, பயணத்துக்கு ஏற்றும் அத்தனை சுமையோடும் வண்டியை எடைமேடையில் நிறுத்தினேன். தணிப்பானின் தேர்வு அங்கேதான் தொடங்க வேண்டும். நீங்கள் இயற்பியல் வகுப்பில் தடையுறு அலைவுகளைப் படித்திருப்பீர்கள். ஆட்டத்தை முற்றிலும் எழவிடாமல் செய்யத் தேவையான தணிப்பு, வில்லின் விறைப்பையும் நிறையையும் பெருக்கிக் கண்ட தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும். வண்டிகளுக்கு இம்முழுத் தணிப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை போதும். பின்சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் இருந்த 500 கிலோகிராம் 800 ஆயிற்று என்றால், நிறை 1.6 மடங்கு. வில்லையும் அதே அளவு விறைப்பாக்கினால், தணிப்பும் 1.6 மடங்கு வேண்டும். வில்லை மட்டும் மாற்றிவிட்டுச் சுமையின்றி ஓட்டுவோருக்கோ 1.26 மடங்கே போதும். நான் வாங்கியது இவ்விரண்டையும் எவ்வளவோ மிஞ்சியது. வாரம் முழுதும் வெறுமையாகவும், விடுமுறையில் நிறைசுமையோடும் ஓடும் வண்டிக்குத் திருகித் திருத்திக்கொள்ளும் வகை நல்லது.

அடுத்தது அமைப்பு. இரட்டைக் குழல் வகையில், பிஸ்டன் உட்குழலில் இயங்குகிறது. வெளிக்குழலில் மிகுதி எண்ணெயும் வாயுவும் இருக்கும். விலை குறைவு. கல்லடிபட்டு வெளிச்சுவர் நெளிந்தாலும் பிஸ்டன் ஓடும். ஆனால் வெப்பம் இரண்டு சுவர்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஓயாத குலுக்கலில் எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைத்துவிடலாம். அதைத் தவிர்க்க, வாயுவுக்குப் பதிலாக நுரைரப்பரை வைத்துச் செய்பவரும் உண்டு. ஒற்றைக் குழல் வகையில், மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் பிரித்து வைக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் த கார்போன் உருவாக்கிய இம்முறையை, ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1957-இல் மெர்சிடிஸ் கார்களுக்குச் செய்து தந்தது. எண்ணெய் நுரைக்காது, வெப்பம் நேரே வெளிக்காற்றுக்குச் செல்லும். ஆனால் ஒரு கல் பட்டுச் சுவர் குழிந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரண்டில் எது சிறந்தது என்று வாதிடுவோர் பலர். நீண்ட அலைத்தரைக்கு நான் ஒற்றைக் குழலையே தேர்ந்தேன். பின்புறத்துக்குக் கல் தடுக்கும் தகடு ஒன்றும் அடித்தேன்.

நீளத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். வண்டியை 5 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டுப் பழைய நீளத் தணிப்பானையே வைத்தால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அச்சின் பாரம் முழுவதையும் அது இழுத்துப் பிடிக்க நேரும். மிக நீண்டதை வைத்தாலோ, ரப்பர்க் கட்டை தொடும் முன்பே பிஸ்டன் அடியில் இடிக்கும். சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டு ஒருமுறையும், முழுவதும் அமுக்கி ஒருமுறையும் நாடா பிடித்து அளந்த பின்னரே வாங்க வேண்டும். டயரின் காற்றைக் குறைப்பதும் உதவி செய்யும். சுமைக்கு ஏற்ற அளவில் காற்றை இறக்கி, வேகத்தையும் தணித்தால், அலைகளின் உதையில் ஒரு பகுதியை டயரே ஏற்றுக்கொள்கிறது. இதற்குக் காசு செலவில்லை என்பதாலோ என்னவோ, இதனைச் செய்வோர் குறைவு.

இரண்டாம் முறை அதே தடத்தில் சென்றபோது, அலைத்தரையைக் கடந்து நிறுத்தும் இடமெல்லாம் இறங்கி, நான்கு தணிப்பான்களுக்கு அருகிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தொட்டுவிடக் கூடாது, தோல் பொசுங்கும். ஒரு நாள் மூன்று கொதித்தன. பின் இடப்புறம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அது நன்றாக இருக்கிறது என்று என் நண்பர் மகிழ்ந்தார். வேலை செய்யும் தணிப்பான் சூடேறியே தீரும் என்பதை அவருக்குச் சொல்லிவிட்டு, அடியில் படுத்துப் பார்த்தேன். கீழ்க்கண்ணின் ரப்பர் புஷ் தேய்ந்து போய், போல்ட்டு துளைக்குள் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. அச்சின் அசைவு பிஸ்டனை எட்டவே இல்லை. கையிலிருந்த உதிரிப் புஷ்ஷை மாட்ட நாற்பது நிமிடம் ஆயிற்று. அடுத்த நிறுத்தத்தில் நான்கும் ஒரே சூடாக இருந்தன.