எந்தக் கையுறை என்று கேட்போம்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான தொழிற்சங்க வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



மருந்தடிப்பவர்களுக்குக் கையுறை வேண்டும் என்று கேட்டு வருகிறோம். அது சரியான கோரிக்கை. ஆனால் எந்தக் கையுறை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

களுத்துறை, கேகாலைப் பக்கம் பால் வெட்டுகிற உங்களுக்கு இறப்பரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்துப் பாலில் செய்த இறப்பர் நன்றாக இழுபடும், தண்ணீரை உள்ளே விடாது. ஆனால் எண்ணெயை அது தாங்காது. ஒரு இறப்பர் வளையத்தை இரவு முழுதும் மண்ணெண்ணெயில் போட்டு வையுங்கள். காலையில் ஊதிப் பெருத்து, பலமிழந்து கிடக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க 1930களில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டதுதான் நைட்ரைல் என்ற செயற்கை இறப்பர். பியூட்டாடையீன், அக்ரிலோநைட்ரைல் என்ற இரண்டு இரசாயனங்களை இணைத்து அதைச் செய்கிறார்கள். அக்ரிலோநைட்ரைல் கூடக்கூட எண்ணெயைத் தாங்கும் சக்தியும் கூடும். அதனால்தான் பெற்றோல் குழாய்களிலும் எஞ்சின் வாசர்களிலும் நைட்ரைல் இருக்கிறது.

இது நமக்கு எதற்கு? பூச்சிமருந்து, களைமருந்துகளில் சில, எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைக்கப்பட்டவை. தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்கும். அந்தக் கரைப்பான் சாதாரண இறப்பர் கையுறையை ஊடுருவி, நஞ்சையும் தோலுக்குக் கொண்டுபோகும். கையுறை கிழியாமல் இருக்கும். நாம் பாதுகாப்பாக இருப்பதாக நினைப்போம். துணிக் கையுறையோ நஞ்சை உறிஞ்சிக் கையோடு வைத்திருக்கும். மருந்தைக் கலக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது. அப்போது போத்தலில் இருப்பது தண்ணீர் சேராத மருந்து.

ஆஸ்பத்திரியில் பாவிக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறையும் இந்த வேலைக்குப் போதாது. தடிப்பானதாக, முழங்கைப் பக்கம் வரை நீண்டதாக இருக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொதியில் நைட்ரைல் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மருந்துப் போத்தலின் லேபிளில் வேறு வகைக் கையுறை சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

கிடைத்த கையுறையைப் பேணுவதும் முக்கியம். போடுமுன் தண்ணீர் நிரப்பி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்நோக்கி மருந்தடிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்கட்டும். வழியும் மருந்து உள்ளே இறங்காது. கழற்றுமுன் கையுறையோடு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெயிலில் நைட்ரைல் வெடித்துப்போகும், நிழலில் காயவையுங்கள். லயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகள் தொடுவார்கள்.

நிர்வாகத்திடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. கலப்பவர், அடிப்பவர் ஒவ்வொருவருக்கும் தடித்த நைட்ரைல் கையுறை. ஓட்டை விழுந்த அன்றே மாற்றுக் கையுறை. வேலைத்தளத்தில் கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும், வைக்க ஓர் இடமும். சம்பளத்தில் இதற்கு ஒரு சதம்கூடக் கழிக்கக் கூடாது.

கிடைக்காத பொருளை நாம் கேட்கவில்லை. இலங்கைத் தொழிற்சாலைகளிலேயே கையுறை செய்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளியின் கையைக் காக்கும் கையுறை நம் தோட்டத்துக்கும் வரட்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுங்கள்.