சட்னி தெறிச்சதைச் சொன்னேன், காசு போனதைச் சொல்லல

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நவீன சாமான்களைப் பத்திப் பேசச் சொன்னாங்க. முதல்ல மிக்ஸியில இருந்து ஆரம்பிக்கிறேன். 2011-ல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பிச்சாங்க. அப்படித்தான் எங்க வீட்டுக்கும் மிக்ஸி வந்துச்சு. நான் அப்போ புதுப்பொண்ணு. மூடியை அழுத்திப் பிடிக்காம பட்டனைத் திருகிட்டேன். தக்காளிச் சட்னி சுவத்துல, காலண்டர்ல, மாமியார் தலையில! அன்னைக்குச் சாயங்காலமே குழாயடியில சொல்லிச் சிரிச்சோம். அதைக் கேட்ட அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் மூடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பட்டனைத் தொட்டாங்க.

இப்போ போன் கதைக்கு வர்றேன். இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாத்தான் இருக்கு.

குழுக்கடன் வாங்கி மிளகாய்ப்பொடி, சாம்பார்பொடி அரைச்சு விக்கிறேன். ஒரு நாள் ஒருத்தர் போன் பண்ணி, "ஹாஸ்டலுக்கு 10 கிலோ மிளகாய்ப்பொடி வேணும், 4,800 ரூபாயை இப்பவே அனுப்பிடுறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியலை. ஒரு கட்டம் கட்டமான படத்தை அனுப்பி, "இதைத் தொட்டு ரகசிய நம்பரைப் போடுங்கம்மா, பணம் உங்க கணக்குல ஏறிடும்" என்றார். போட்டேன். ஏறலை, இறங்கிடுச்சு. ரெண்டு மாசத் தவணைக்குன்னு சேர்த்து வெச்ச காசு.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லலை. குழுவுலயும் சொல்லலை. "பொடி விக்கிறவளுக்குப் போன் எதுக்கு"ன்னு கேட்பாங்களோன்னு பயம். தோட்டை அடகு வெச்சுத் தவணைக்குக் காசு வெச்சுக்கிட்டேன். ஒன்பதாம் நாள் குழுக்கூட்டம். எங்க ஊக்குநர் அக்கா என் காதைப் பார்த்தாங்க. "என்னடி, காதுல வேப்பங்குச்சி?" அவ்வளவுதான், அழுகை வந்துடுச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

யாரும் திட்டலை. அக்கா உடனே 1930-க்குப் போன் போட்டுக் கொடுத்தாங்க. புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டு, "பணம் போன உடனே சொல்லியிருக்கணும்மா" என்றார்கள். இன்னைக்கு வரைக்கும் அந்தப் பணம் வரலை.

ஆனா என்னை உறுத்துறது அது இல்லை. பக்கத்து ஊர்க் குழுவுல ஊறுகாய் போடுற ஒரு தங்கச்சிக்கும் அதே மாதிரி ஹாஸ்டல் ஆர்டர், அதே மாதிரி படம் வந்திருக்கு. 2,000 ரூபாய் போச்சு. எப்போ தெரியுமா? நான் வாயை மூடிக்கிட்டு இருந்த அந்த ஒன்பது நாளுக்குள்ள. சட்னி தெறிச்சதை ஊருக்கே சொன்னவ, இதை ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தா அந்தத் தங்கச்சி காசு தப்பிச்சிருக்கும்.

போன் வேண்டாம்னு நான் சொல்லலை. அரை நாள் கூலியை விட்டுட்டு பேங்க் வரிசையில நின்னது எனக்கு மறக்கலை. 2023 செப்டம்பர்ல தொடங்கின மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வந்ததும் மெசேஜ் வருது. அதைப் படிக்கிறதுக்குக் கூட நாம பிள்ளைகள்கிட்ட போனை நீட்டுறோம். அதுகளும் "குடும்மா, உனக்குத் தெரியாது"ன்னு பிடுங்கித் தானே அமுக்கிட்டுப் போயிடுது. நாம கத்துக்கவே விடுறதில்லை. இனிமே "நான் அமுக்குறேன், நீ பக்கத்துல நின்னு சொல்லு"ன்னு சொல்லுங்க.

எங்க குழுவுல இப்போ தீர்மானம் போட்டிருக்கோம். சேமிப்பு வசூல் முடிஞ்சதும் பத்து நிமிஷம் போன் பேச்சு. அந்த வாரம் என்ன மெசேஜ் வந்துச்சு, யார் கூப்பிட்டாங்க, எங்க ஏமாந்தோம்னு வெட்கப்படாம சொல்லணும். கேட்கிறவங்க சிரிக்கலாம், திட்டக்கூடாது. நோட்டு முதல் பக்கத்துல மூணு விஷயம் எழுதியிருக்கோம். பணம் வாங்குறதுக்கு ரகசிய நம்பர் தேவையில்லை, அனுப்பத்தான் தேவை. ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. காசு போனா அழுறதுக்கு முன்னாடி 1930.

போன கூட்டத்துல ஒரு பாட்டி எழுந்து, "எனக்கு லாட்டரி விழுந்திருக்குன்னு ஒருத்தன் சொன்னான், நான் சீட்டே வாங்கலையேப்பான்னு போனை வெச்சுட்டேன்" என்றார். எல்லாரும் கை தட்டினோம்.

தோடு இன்னும் அடகுலதான் இருக்கு. பொடி வித்துத்தான் மீட்கணும், மீட்டுடுவேன். உங்க குழுவுலயும் இந்தப் பத்து நிமிஷப் பேச்சை ஆரம்பிங்க.