கல் பேசிய ஊர்



மெக்சிகோ என்று ஒரு நாடு. அமெரிக்காவுக்குத் தெற்கே இருக்கிறது. அந்த நாட்டின் தென்கோடியில் பெரிய மழைக்காடு. காட்டுக்குள்ளே பாழடைந்த ஒரு பழைய நகரம். பெயர் யாஷ்சிலான். மாயா மக்கள் கட்டிய நகரம்.

அங்கே போகச் சாலை கிடையாது. பலெங்கே என்ற ஊரிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் வண்டியில் போக வேண்டும். உசுமாசிந்தா ஆற்றங்கரையில் ஒரு கிராமம் வரும். அங்கே மோட்டார் படகு பிடிக்க வேண்டும். ஆற்றின் ஒரு கரை மெக்சிகோ. மறு கரை குவாத்தமாலா என்ற வேறு நாடு. முக்கால் மணி நேரம் போனால், ஆறு லாடம் போல வளைகிறது. அந்த வளைவுக்குள்தான் நகரம்.

கரை ஏறியதும் ஓர் உறுமல் கேட்கும். புலியோ என்று பயம் வரும். புலி இல்லை. மரத்தின் மேலே குரங்குகள் ஊளையிடுகின்றன. நகரத்துக்குள் நுழையும் வழி ஒரு கல் கட்டடத்தின் ஊடே போகிறது. உள்ளே கும்மிருட்டு. தலைக்கு மேலே வௌவால்கள். டார்ச் லைட் இல்லாமல் போக முடியாது. இருட்டைத் தாண்டி வெளியே வந்தால் பரந்த திடல். சுற்றிலும் கல் மாளிகைகள். நீண்ட படிக்கட்டு ஒன்று குன்றின் மேலே ஏறுகிறது. அதன் உச்சியில் ஒரு கோயில்.

இந்த ஊரின் பெருமை வாசல்களில் இருக்கிறது. வீடு கட்டும்போது வாசலுக்கு மேலே லிண்டல் போடுகிறோம் அல்லவா? அந்த இடத்தில் ஒரே கல்லை வைத்தார்கள். கல்லில் உருவமும் எழுத்தும் செதுக்கினார்கள். ஒரு கல்லில் ஓர் அரசி மண்டியிட்டிருக்கிறாள். முள் கட்டிய கயிற்றைத் தன் நாக்கில் குத்தி இழுக்கிறாள். தெய்வத்துக்கு அவள் தரும் இரத்தக் காணிக்கை அது. அரசன் பக்கத்தில் நின்று தீப்பந்தம் பிடிக்கிறான். கி.பி. 709-இல் நடந்தது. நாளும் பெயரும் கல்லிலேயே இருக்கின்றன. அந்தக் கல் இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மாயா எண்கள் மிக எளிமை. ஒரு புள்ளி என்றால் 1. ஒரு கோடு என்றால் 5. இரண்டு கோடும் மூன்று புள்ளியும் போட்டால் 13. பூஜ்யத்துக்குச் சிப்பி போன்ற ஓர் அடையாளம். ஆம், நம் நாட்டைப் போல அவர்களும் பூஜ்யம் கண்டவர்கள்.

அப்படிப்பட்ட மக்களின் எழுத்து எப்படி அழிந்தது?

9-ஆம் நூற்றாண்டில் இந்த நகரம் காலியானது. போரும் வறட்சியும் அந்தப் பகுதியையே வாட்டின. வேறு பகுதிகளில் மாயா மக்கள் தொடர்ந்து எழுதி வந்தார்கள். பிறகு ஸ்பெயின் நாட்டார் வந்து நாட்டைப் பிடித்தார்கள். 1562-இல் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயா புத்தகங்களைத் தீயிலிட்டார். இன்று உலகம் முழுவதும் மிஞ்சியவை நான்கே புத்தகங்கள். எழுத்து அறிந்தவர்களோ முன்பே வெகு சிலர். அரசர்கள், பூசாரிகள், எழுத்தர்கள் அவ்வளவுதான். சோளம் விதைத்தவனுக்கும் கல் சுமந்தவனுக்கும் படிக்கத் தெரியாது என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தச் சிலரும் போனார்கள். கற்றுத் தர ஆள் இல்லை. கல் ஊமையானது.

ஆனால் லாந்தா சில எழுத்துகளைத் தம் குறிப்பில் எழுதி வைத்திருந்தார். எரித்தவர் எழுதிய குறிப்பே பிற்பாடு சாவியானது! ரஷ்ய அறிஞர் யூரி க்னோரோசோவ் 1952-இல் அதை வைத்துப் படித்துக் காட்டினார். எப்படி? எழுத்துக் கூட்டித்தான். வான்கோழியின் படத்துக்கு மேலே 'கு', 'ட்ஸு' என்று இரண்டு எழுத்து. சேர்த்தால் 'குட்ஸ்'. மாயா மொழியில் வான்கோழி. நாயின் படத்துக்கு மேலே 'ட்ஸு', 'லு'. சேர்த்தால் 'ட்ஸுல்'. அதாவது நாய். இரண்டிலும் 'ட்ஸு' ஒரே எழுத்து! பின்பு 1960-களில் தத்தியானா புரோஸ்கூரியாகோஃப் என்ற பெண் அறிஞர் யாஷ்சிலான் கற்களை ஆராய்ந்தார். அவை வெறும் சாமி கதை அல்ல, அரசர்களின் வரலாறு என்று காட்டினார்.

படிப்பதற்கு எது கை கொடுத்தது தெரியுமா? மக்களின் பேச்சு. எழுத்து போன பிறகும் மாயா மொழிகள் போகவில்லை. இன்றும் பல லட்சம் பேர் பேசுகிறார்கள். அந்த ஆற்றங்கரைக் கிராமத்தில் படகு ஓட்டுகிறவர்கள் சோல் என்ற மாயா இனத்தார். கல்லில் இருக்கும் மொழிக்கு அவர்கள் பேச்சு நெருங்கிய உறவு. வயலிலும் அடுப்படியிலும் பேசியவர்களே அதைக் காப்பாற்றினார்கள். இன்று மாயா ஆசிரியர்கள் சிலர் பாட்டன் பூட்டன் எழுத்தை மறுபடியும் கற்கிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள்.

அந்த எழுத்து ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால், தீ வைத்து அதை ஒழித்திருக்க முடியுமா? வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் படிக்காதவர் இருந்தால் அவரிடமும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நாளை வகுப்புக்கு வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.