நூற்று நாற்பத்தேழு இறாத்தல்



நம் கல்முனைக் கரையோரத்திலே, அஸர்த் தொழுகை முடிந்து மஃரிபு நேரம் வரும்வரை, தேநீர்க் கடைகளில் ஓயாத ஒரு வழக்கு நடப்பதுண்டு. பெலே பெரியவரா, மெஸ்ஸி பெரியவரா என்பது ஒரு நாள். மறுநாள் முரளிதரனும் வோர்னும். குத்துச்சண்டை என்று வந்துவிட்டாலோ வழக்கு விரைவில் முடிந்துவிடும். முகம்மது அலி அவர்களின் பெயரை ஒருவர் சொல்லுவார். மற்றவர்கள் தலையசைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

ஆனால் அந்த அலி அவர்களே தம் குருவாகப் போற்றிய வீரர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சுகர் றே றொபின்சன். அலி பேரெடை வகுப்பினர். றொபின்சன் தம் சிறந்த நாள்களைக் கழித்ததோ வெல்ட்டர் என்னும் நடுத்தர வகுப்பிலே. அதன் உச்ச எல்லை நூற்று நாற்பத்தேழு இறாத்தல். கரைவலை இழுக்கும் நம் மீனவத் தோழர் ஒருவரைத் தராசில் நிறுத்தினால் ஏறத்தாழ இந்த எடைதான் காட்டும். பேரெடை வீரன் இயற்கையின் விந்தை. வெல்ட்டர் வீரனோ நம்மைப் போன்ற உடலைக் கொண்டு அருஞ்செயல் புரிபவன். ஆகவேதான் இந்த வகுப்பின் வீரர்களை வரிசைப்படுத்துவது எனக்கு இனிய வேலையாகப் படுகிறது. கடினமான வேலையும் அதுவே.

எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? மருதமுனையில் சாரம் வாங்கப் போகிறவர் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்து இழையின் நெருக்கத்தைப் பார்ப்பார். வீரனுக்கும் அப்படித்தான். தோல்வியே காணாதவன் என்ற பெயர் வெறும் நிறம். யாரை எதிர்த்தான், எத்தனை முறை எதிர்த்தான், எந்த விதிகளின் கீழ் எதிர்த்தான் என்பனவே இழைகள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பார்படோஸ் ஜோ வோல்கொட் என்பவர் இருந்தார். ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட உயரம். 1901 இல் பட்டம் வென்றவர். தம்மிலும் மிகப் பெரிய உருவினரோடு மோதத் தயங்காதவர். அவரை வணங்கிவிட்டு மேலே செல்வோம்; ஏனெனில் நம் வழக்கின் உயிர்நாடி 1938 இலேதான் இருக்கிறது.

அந்நாளில் உலகில் எட்டு எடை வகுப்புகள் இருந்தன. ஹென்றி ஆம்ஸ்றோங் என்னும் கறுப்பின இளைஞர் 1937 அக்டோபரில் இறகெடைப் பட்டத்தை வென்றார். 1938 மே மாதத்தில் வெல்ட்டர் சம்பியனாகிய பானி றொஸ்ஸை எதிர்த்தபோது, அவரிலும் எட்டு இறாத்தலுக்கு மேல் குறைந்த எடையோடு மேடையேறினார். பதினைந்து சுற்றும் ஓயாமல் குத்திப் பட்டத்தைப் பறித்தார். றொஸ் அதன்பின் குத்துச்சண்டை மேடையில் ஏறவேயில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில், லூ அம்பேர்ஸைத் தோற்கடித்து இலகு எடைப் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார் ஆம்ஸ்றோங். எட்டுப் பட்டங்களில் மூன்று ஒரே மனிதர் கையில்! இன்று பதினேழு வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சபைகள், சபைக்கொரு பட்டம். இந்தக் காலத்தில் மூன்று பட்டம் வைத்திருப்பது வேறு. அந்தக் காலத்தில் வைத்திருந்தது வேறு. 1939 அக்டோபர் ஒரே மாதத்தில் ஐந்து முறை அவர் வெல்ட்டர் பட்டத்தைக் காத்தார் என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். இன்றைய சம்பியன் ஆண்டுக்கு இருமுறை மேடையேறினாலே அதிகம்.

1940 அக்டோபர் 4 ஆம் நாள் இரவு, நியூயோர்க் மடிசன் சதுக்க அரங்கிலே ஆம்ஸ்றோங் தம் வெல்ட்டர் பட்டத்தை ஃப்றிற்சி சிவிக் என்பவரிடம் இழந்தார். அதே இரவு, அதே அரங்கில், முன்னோட்டப் போட்டி ஒன்றில் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் தன் முதலாவது தொழில்முறைப் போட்டியை ஆடி, எதிரியை இரண்டாம் சுற்றிலேயே முடித்துவிட்டான். அவன்தான் றொபின்சன். கதாசிரியர் எவரேனும் இவ்வாறு எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்று நாமே சொல்லியிருப்போம்.

றொபின்சன் பின்னர் சிவிக்கை இருமுறை வென்றார். 1943 இல் ஆம்ஸ்றோங்கையும் எதிர்த்தார். தளர்ந்துபோன அந்த மூத்த வீரரைப் பத்துச் சுற்றுவரை காயப்படுத்தாமல் விட்டுவைத்து, புள்ளிகளால் மட்டும் வென்றதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். எழுபதுக்கு மேற்பட்ட போட்டிகளை ஆடி, ஜேக் லமோட்டா ஒருவரிடம் மாத்திரமே தோற்றிருந்தும், உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு 1946 டிசம்பர் வரை அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததும் டொமி பெல்லை வென்று பட்டம் சூடினார். 1951 இல் மேல் வகுப்புக்குச் செல்லும்வரை எவராலும் அதைப் பறிக்க முடியவில்லை. எடைக்கு எடை ஒப்பிட்டால் எவர் சிறந்தவர் என்ற கேள்வியே இவரை முன்வைத்துத்தான் பரவியது.

கியூபாவின் கிட் கவிலான் 1948 இலும் 1949 இலும் றொபின்சனிடம் தோற்றவர். ஆனால் தம் வாழ்நாளில் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட போட்டிகளில் ஒருமுறையேனும் ஆட்டமிழந்து நிறுத்தப்படாதவர். கரும்பு வெட்டும் கத்தியை வீசுவது போன்ற அவருடைய வளைந்த குத்து, கரும்புத் தோட்டத்தில் உழைத்த கைகளுக்கே உரியது. ஹிங்குராணைக் கரும்பு வெட்டுக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

இனி, நேயர்களிற் சிலர் மனத்தில் எழும் ஆட்சேபத்துக்கு வருகிறேன். முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்க, முகத்தைக் குறிவைக்கும் ஆட்டத்தை எப்படிப் புகழ்வது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க என்னால் முடியவில்லை. 1947 இல் றொபின்சனின் குத்தில் விழுந்த ஜிம்மி டொயில் என்ற இளைஞர் மறுநாள் உயிர் நீத்தார். அடுத்த சில போட்டிகளில் ஈட்டிய பணத்தை அவருடைய தாயாருக்கென றொபின்சன் ஒதுக்கிக் கொடுத்தார். 1962 இல் எமில் கிறிஃபித்தின் குத்துகளால் பெனி பறேற் மயங்கிச் சரிந்ததைத் தொலைக்காட்சியில் மக்கள் கண்டனர். பத்து நாள்களில் அவரும் மறைந்தார். 1982 நவம்பரில் கொரிய வீரர் கிம் டுக் கூ பதினான்காம் சுற்றில் வீழ்ந்து இறந்தார். அதன் பின்னரே பதினைந்து சுற்றுகளைப் பன்னிரண்டாகக் குறைக்கும் விதி வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் முக்கிய சபைகள் எல்லாம் அதை ஏற்றன.

இந்த விதிமாற்றம் நம் வரிசையையும் குலைக்கிறது. 1981 செப்டெம்பர் 16 ஆம் நாள் சுகர் றே லெனாட்டும் டொமஸ் ஹேர்ன்ஸும் மோதினர். பன்னிரண்டு சுற்று முடிந்தபோது மூன்று மத்தியஸ்தர்களின் தாள்களிலும் ஹேர்ன்ஸே முன்னணியில் இருந்தார். ஒரு கண் வீங்கி மூடிய நிலையில், பதின்மூன்றாம் சுற்றில் லெனாட் சீறியெழுந்தார். பதினான்காம் சுற்றில் ஆட்டம் நிறுத்தப்பட்டு அவருக்கு வெற்றி அளிக்கப்பட்டது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் வென்றவர் ஹேர்ன்ஸ்! ஆகவே பழைய வீரர் பதினைந்து சுற்று ஆடினார், இன்றையவர் ஆடவில்லை என்று இகழ்வோர் அந்த மூன்று சுற்றுகளை எதற்காக விட்டுக்கொடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு அந்தக் குறைப்பில் வருத்தமில்லை.

இந்த நூற்றாண்டின் வீரர்களில் மேவெதர் ஐம்பது போட்டிகளிலும் தோல்வி காணாதவர். அவருடைய தற்காப்பைப் போல் நான் கண்டதில்லை. ஆயினும் பக்கியாவோவை 2015 வரை சந்திக்காமற் போனது இழையில் ஒரு தளர்ச்சி. பக்கியாவோவோ நாற்பதாம் வயதில், 2019 இல், மீண்டும் வெல்ட்டர் பட்டம் ஒன்றை வென்றார். டெறன்ஸ் குறோஃபோட் 2023 ஜூலையில் எறல் ஸ்பென்ஸை ஒன்பதாம் சுற்றில் நிறுத்தி நான்கு சபைகளின் பட்டங்களையும் ஒன்றாக்கினார். இவர்கள் போட்டிக்கு முதல்நாளே எடைபார்த்து, உண்டு நீர் அருந்தித் தேறி, மறுநாள் இரவு பல இறாத்தல் கூடியவர்களாக மேடையேறுகிறார்கள். முன்னோர் போட்டியன்றே தராசில் நின்றவர்கள். நூற்று நாற்பத்தேழு என்ற எண் ஒன்றே, எடை ஒன்றன்று.

என் வரிசையைக் கேட்டால், முதலிடம் றொபின்சனுக்கு. இதில் எனக்கு ஐயமேயில்லை. இரண்டாமிடம் ஆம்ஸ்றோங்குக்கு. மூன்றாமிடத்தை லெனாட்டுக்கு அளிக்கிறேன். ஹேர்ன்ஸோடு றொபேட்டோ டுறானையும் வென்றவர் அவர். நான்காமிடத்தில் கவிலானை வைக்கிறேன். மேவெதரின் அன்பர்கள் பொறுத்தருள்க. ஐந்தாமிடத்துக்கு மேவெதரும் குறோஃபோடும் நிற்கிறார்கள். குறோஃபோட் எதிரியின் ஊக்கம் குன்றாதபோதே எதிர்த்து வென்றவர் என்பதால், அரை இறாத்தல் அவர் பக்கம் சாய்கிறது என் தராசு.