உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்
(வானொலி மறையுரை, பொதுக்காலம் 23 ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு)



கோபுரம் கட்ட நினைத்த ஒருவரைப் பற்றி இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் பேசுகிறார். அடித்தளம் போட்டுவிட்டு மேலே எழுப்பப் பணமில்லாமல் நின்றால் பார்ப்பவர்கள் ஏளனம் செய்வார்களே, முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்கிறார். நம் ஊர்களில் இந்த உவமைக்கு விளக்கம் தேவையில்லை. தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்து நிற்கும் வீடு இல்லாத தெரு எது?

தம்மைப் பின்பற்றுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லத்தான் இயேசு இந்த உவமையைச் சொன்னார். அதை மறக்காமல், இதே உவமையை இன்று வீட்டுக்குள் கொண்டுபோக விரும்புகிறேன். செப்டம்பர் 1 முதல் அசிசி நகர் புனித பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை திருஅவை படைப்பின் காலத்தைக் கடைப்பிடிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலைப் பற்றி மறையுரைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு ஒரு மரக்கன்று நட்டிருப்போம். நல்லது. ஆனால் நம் வீட்டில் தினமும் எரியும் பெட்ரோலையும், சமையல் எரிவாயுவையும், மின்கம்பி வழியே வரும் நிலக்கரியையும் மரக்கன்று நிறுத்திவிடாது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடற்கரைப் பங்குகளில் எத்தனை வீடுகளை இருட்டாக்கியது என்பது இதைக் கேட்கும் பலருக்குத் தெரியும். எந்த ஒரு புயலையும் நம் வீட்டு அடுப்பின்மேல் பழிபோட முடியாது. ஆனால் கடல் சூடேறச் சூடேறப் புயலுக்கு வலு கூடுகிறது. கடலைச் சூடேற்றுவது நாம் எல்லாரும் சேர்ந்து எரிப்பது. ஆகவே இதுவும் அயலாரை அன்பு செய்யும் காரியம்தான்.

சரி, எங்கே தொடங்குவது? நாளைக்கே எல்லாவற்றையும் மாற்று என்று நான் சொல்லவில்லை. அப்படித் தொடங்குகிறவர்கள்தான் பாதிக் கோபுரத்தில் நிற்கிறார்கள். ஒரு நோட்டை எடுங்கள். வீட்டில் எரிபொருளோ மின்சாரமோ தின்னும் பொருள்களை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் வயதையும், இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பதையும் எழுதுங்கள். நன்றாக ஓடுவதைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் அது நிற்கும் நாளில் அதற்குப் பதில் என்ன வாங்குவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், வண்டி நடுரோட்டில் நின்றுபோனால் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் பழைய மாதிரியையே வாங்கிவிடுவோம். பிறகு இன்னும் பதினைந்து வருடம் பெட்ரோல்தான். அந்த அவசர நாள் வருவதற்கு முன்பே உட்கார்ந்து யோசித்தவருக்கு வழி தெரிந்திருக்கும்.

முதலில் குறைப்பது, பிறகு மாற்றுவது. மின்விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் ஓடும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் சுற்றினால் அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். மூன்று விசிறிகள் என்றால் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 100 யூனிட். 2016 இல் அரசு நமக்கு இலவசமாகத் தரத் தொடங்கிய அளவு அது! இதற்குக் கடன் வேண்டாம், வருடத்துக்கு ஒரு விசிறி போதும்.

கூரைமேல் சூரியத் தகடு அடுத்த படி. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் கிடைக்கும். 2024 இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். மீதி நம் கையிலிருந்து. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், விற்பவர்கள் பல நேரம் சொல்வதில்லை. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண அமைப்பு, மின்தடை வந்தால் வெயில் அடித்தாலும் நின்றுவிடும். அது கோளாறு இல்லை. வெளியே கம்பத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளிமீது நம் வீட்டு மின்சாரம் பாயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. கரண்ட் கட்டுக்காகத் தகடு போட நினைப்பவர் பேட்டரிச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். தகடு 25 வருடம் உழைக்கும். இன்வெர்ட்டரை நடுவில் ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும், அதையும் எழுதுங்கள்.

“சாமி, கரண்டே நிலக்கரியில்தானே வருகிறது? நெய்வேலியிலும் தூத்துக்குடியிலும் எரிவது என்ன?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் முதலில் குறைப்பு என்றேன். ஆனால் பாருங்கள், சிலிண்டரில் வருவது என்றைக்கும் எரிவாயுதான். கம்பியில் வருவது மாறக்கூடியது. ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றும்போது அதே கம்பியில் காற்று வருகிறது. வத்திக்கானிலும் படிப்படியாகத்தான் செய்தார்கள். திருத்தந்தை 16 ஆம் பெனடிக்ட் காலத்தில், 2008 இல், ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் தகடுகள் ஏறின. 2024 இல்தான், வத்திக்கான் நகருக்கே மின்சாரம் தரும் அளவுக்கு ஒரு சூரியப் பண்ணை அமைக்க திருத்தந்தை பிரான்சிஸ் ஆணையிட்டார். நடுவில் 16 வருடம்!

கடன் வாங்கலாமா? வங்கிக் கடன் என்றால் மாதத் தவணையையும் மின்கட்டணத்தில் மிச்சமாவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வட்டிக்காரரிடம் போக வேண்டாம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டாமல் தகடு போடுவதைப் புண்ணியம் என்று நான் சொல்லமாட்டேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் கூரை சொந்தமில்லை. ஆனால் விசிறியும் வண்டியும் அடுப்பும் வீடு மாறும்போது கூடவே வரும், அங்கே தொடங்கலாம். நாற்பது வருடம் விறகுப் புகையில் இருமிச் சமைத்து, இப்போதுதான் ஒரு சிலிண்டர் கண்ட அம்மாவிடம் போய் எரிவாயு பாவம் என்று யாரும் பேச வேண்டாம். அவருக்கு அது விடுதலை. அதிகம் எரிப்பவர்கள் முதலில் குறைக்கட்டும். இரண்டு கார் நிற்கும் வாசலுக்குத்தான் இந்த மறையுரையில் பெரும்பங்கு.

இந்த வாரம் ஒரு மாலை, செபமாலை முடிந்ததும் பாயை மடிக்கும் முன் அந்த நோட்டை நடுவில் வையுங்கள். கடைசி ஆறு மின்கட்டண ரசீது, சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது, வண்டிக்கு மாதம் எவ்வளவு பெட்ரோல், எல்லாம் கையில் இருக்கட்டும். வண்டி அப்பாவின் முடிவு, அடுப்பு அம்மாவின் முடிவு என்று பிரிக்காதீர்கள். பிள்ளைகள் கூட்டிக் கழிக்கட்டும். பாட்டியையும் கேளுங்கள். இன்டக்ஷன் அடுப்பு வாங்கினால் என் தோசைக்கல் என்ன ஆகும் என்ற கேள்வி அவரிடமிருந்துதான் வரும். அலுமினியப் பாத்திரம் அதில் சூடாகாது. அடி தட்டையான இரும்புத் தோசைக்கல் சூடாகும் என்று சொல்லுங்கள்.