புதுப் போன் வாங்கும் முன்



ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் வல்லம் வடகால் என்று ஒரு ஊர். புல்லட் ஓட்டுகிறவர்களுக்கு ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை இருக்கும் ஊர் என்றால் தெரியும். அங்கே நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குக் கொஞ்ச தூரத்தில், சிப்காட் நிறுவனம் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பெரிய குடியிருப்பு. பத்து மாடிக் கட்டடங்கள் பதின்மூன்று. 18,720 பேர் தங்கலாம். 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவில் கட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். அங்கே தங்கியிருப்பவர்கள் ஃபாக்ஸ்கானில் வேலை செய்யும் பெண்கள். உலகம் முழுக்கப் போகும் ஐபோன்கள் அவர்கள் கை பட்டவை.

வார விடுமுறை அன்று சாயங்காலம் என் கடையில் நிற்க இடம் இருக்காது. டிஸ்ப்ளே உடைந்த போன், சார்ஜ் நிற்காத போன், மைக் வேலை செய்யாத போன். ரிப்பேர் முடிவதற்குள் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள்: "அக்கா, அடுத்த மாசம் புதுசு வாங்கலாம்னு இருக்கேன். எந்த கம்பெனி நல்லது?"

இன்றைக்கு அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

நோக்கியாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் வேலை கற்றுக்கொண்டது அங்கேதான். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தபோது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகளுக்கு அதுதான் கனவு. கம்பெனி பஸ்ஸில் ஏறி, கையில் பட்டை கட்டிக்கொண்டு லைனில் உட்காருவோம். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுத்துவிடக் கூடாது என்று மணிக்கட்டில் மாட்டும் பட்டை அது. இன்றைக்கும் கடையில் அதைக் கட்டாமல் நான் எந்தப் போனையும் பிரிப்பதில்லை.

அப்போது வேறு கம்பெனி போன் வைத்திருந்தாலே வீட்டில் திட்டு விழும். நோக்கியா 1100 ஞாபகம் இருக்கிறதா? 2003-இல் வந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தலையில் டார்ச், தூசி புகாத கீபேட். மோட்டார் கொட்டகைக்கு ராத்திரியில் போகும் விவசாயிக்கு அந்த டார்ச் ஒன்றே போதும். பேட்டரி செத்தால் நகத்தால் மூடியைத் தள்ளி நாமே வேறு பேட்டரி போட்டுக்கொள்ளலாம். 2007 ஆகஸ்டில் பிஎல்-5சி பேட்டரிகளில் சில அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. மொத்தம் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள், எல்லாம் மாட்சுஷிட்டா கம்பெனி செய்தவை. ஊரே போனைத் திறந்து பேட்டரி நம்பரைப் பார்த்தது. அதற்காக யாரும் நோக்கியாவை விட்டுவிடவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று? 2007-இல் ஐபோன் வந்தது, 2008-இல் ஆண்ட்ராய்டு வந்தது. சனங்களுக்கு வாட்ஸ்அப் வேண்டியிருந்தது, வீடியோ வேண்டியிருந்தது. நோக்கியா நின்ற இடத்திலேயே நின்றது. போன் வியாபாரத்தை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டிடம் கொடுத்தபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த நம் ஊர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சம்பளமும் நின்றது. அந்த வலியை இங்கே நான் விரித்துச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாம் ஒரு பிராண்டுக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்தாலும், பிராண்டு நமக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. எங்கள் ஊர் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டது.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். 2018-இல் ஷாவ்மி போன்களுக்கு வேண்டிய சர்க்யூட் போர்டு செய்யும் ஆலை ஸ்ரீபெரும்புதூரில் வந்தது. அதை நடத்தியது ஃபாக்ஸ்கான். 2019-இல் ஐபோன் எக்ஸ்ஆர் ஸ்ரீபெரும்புதூரில் தயாராக ஆரம்பித்தது. அதுவும் ஃபாக்ஸ்கான். மூடிக் கிடந்த நோக்கியா வளாகத்தை சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி வாங்கிய செய்தியும் அதே 2019-இல்தான் வந்தது. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 உலகச் சந்தைக்கு வந்த அன்றே, இங்கே செய்த ஐபோன் 15-உம் கடைக்கு வந்துவிட்டது.

என் கடையில் அண்ணனும் தம்பியும் ஷாவ்மியா ஐபோனா என்று சண்டை போட்டுக்கொண்டு நிற்பார்கள். "ரெண்டும் ஒரே முதலாளி வீட்டு லைன்ல ஓடுனதுதான் தம்பி" என்பேன். பிரித்துக் காட்டினால் இன்னும் ஆச்சரியம். ஐபோன் எக்ஸ் வந்ததிலிருந்து பல ஐபோன்களின் ஓஎல்இடி திரை சாம்சங் குழுமம் செய்தது. ஐபோன் கேமராவின் சென்சார் சோனி செய்தது. 2022 டிசம்பரில் ஆப்பிள் தலைவர் டிம் குக்கே அதை வெளிப்படையாகச் சொன்னார். வெளியே போட்டி விளம்பரம், உள்ளே கூட்டு வியாபாரம். ஒன்றுக்காக இன்னொன்றைத் திட்டிக்கொண்டு நாம் ஏன் தூக்கம் கெட வேண்டும்?

இன்னொன்று. "நம்ம ஊர்ல செஞ்சதையே வாங்குவோம்" என்று சாம்சங் போன் கேட்டு வருகிறவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் தயாராகின்றன. சாம்சங் போன் தயாராவது நொய்டாவில்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பேட்டரி! இதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். வானொலி நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டும் வரை பேசுகிறேன்.

புதுப் போன் வேண்டும் என்று வருகிற பலருக்கு உண்மையில் வேண்டியது புதுப் பேட்டரி. லித்தியம் பேட்டரிக்குள் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் கோபால்ட் போன்ற உலோகம் கலந்த ஆக்சைடு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் பக்கம் போகும், போன் ஓடும்போது திரும்பி வரும். ஒவ்வொரு முறை போய்வரும்போதும் கொஞ்சம் லித்தியம் வழியிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும். அதுதான் பேட்டரியின் வயது. நூறு சதவீதம் அளவுக்குச் செலவு செய்தால் ஒரு சுற்று. இன்று பாதி, நாளை பாதி என்றாலும் சேர்த்து ஒரு சுற்றுத்தான். ஐபோன் 14 வரைக்கும் 500 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிச்சம் இருக்கும் என்கிறது ஆப்பிள். ஐபோன் 15 முதல் 1000 சுற்று.

பேட்டரியின் ஆயுளைச் சீக்கிரம் தின்பது சூடு. பைக் ஹேண்டிலில் மேப் போட்டு மாட்டிக்கொண்டு மே மாத மத்தியானத்தில் ஒரகடம் ரோட்டில் போகிறோம் இல்லையா, ராத்திரி தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறோம் இல்லையா, பேட்டரிக்கு இவை இரண்டும் ஆகவே ஆகாது. தலையணைக்கு அடியில் வைப்பது நமக்கும் ஆபத்து. ஹாஸ்டல் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. திரை ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தி ஒட்டப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், அன்றைக்கே கடைக்குக் கொண்டு வாருங்கள்.

கிழடான பேட்டரியால் திடீரென்று அதிக மின்சாரம் கொடுக்க முடியாது. முப்பது சதவீதம் காட்டும்போதே போன் அணைந்துபோகும். அப்படி அணையக் கூடாது என்று ஆப்பிள் என்ன செய்தது தெரியுமா? பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்தது. வாங்கியவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் விஷயம் வெளியே வந்து, ஆப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020-இல் பிரான்ஸ் அரசு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. இதில் நம் காதில் ஏற வேண்டியது ஒன்று: பேட்டரியை மாற்றியதும் அந்தப் போன்களுக்குப் பழைய வேகம் திரும்பியது. "ஸ்லோ ஆயிடுச்சு, மாத்திடலாம்" என்று எத்தனை பேர் நல்ல போனைத் தள்ளிவிட்டிருப்பார்கள்!

திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். சார்ஜே ஏறவில்லை, எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு எடுக்கப் போகிறேன், அதுவரைக்கும் உள்ளே இருக்கும் போட்டோவையெல்லாம் எடுத்துக் கொடுங்கள் என்றாள். மைக்ராஸ்கோப்பில் சார்ஜிங் போர்ட்டைப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை. சுடிதார் பையின் பஞ்சும் தூசியும் சேர்ந்து, ஒவ்வொரு தடவை கேபிள் சொருகும்போதும் அழுந்தி அழுந்திக் கெட்டித்துப்போயிருந்தது. கேபிள் முழுசாக உள்ளே இறங்கவே இடமில்லை. போனை அணைத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் ஓரத்திலிருந்து நெம்பினேன். பொதி மாதிரி முழுசாக வந்தது. கேபிளைச் சொருகியதும் 'டக்' என்று உட்கார்ந்தது, சார்ஜ் ஏறியது. அந்தப் பிள்ளை அதே போனில் அங்கேயே நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, "போன் சரியாயிடுச்சும்மா, மாசம் மாசம் கட்ட வேண்டாம்" என்று சொன்னாள். வீட்டில் நீங்கள் யாரும் ஊசியையோ சேஃப்டி பின்னையோ விட்டு நோண்டாதீர்கள், உள்ளே பின் வளைந்துவிடும்.

சரி, உண்மையிலேயே புதுசு வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், எத்தனை வருஷம் அப்டேட் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். அப்டேட் நின்றால் போன் உடனே செத்துவிடாது. ஆனால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் நிற்கும். வங்கிக் கணக்கும் ஜிபேயும் அதிலேதான் இருக்கின்றன. நம் ஊரில் செய்த எக்ஸ்ஆர் 2018-இல் அறிமுகமான மாடல். 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 வரைக்கும் அதற்குக் கிடைத்தது. கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷம் தருவதாக அறிவித்தன. விலை குறைந்த போன்களில் இது ரொம்பவே குறையும், மாடலுக்கு மாடல் மாறும். பன்னிரண்டாயிரம் ரூபாய் போனை ஆறு வருஷம் ஓட்ட நினைப்பவர்கள் இதைக் கேட்காமல் பில் போடாதீர்கள்.

தவணையைப் பற்றிச் சுருக்கமாக. வட்டியே இல்லாத தவணை என்று போர்டு வைத்திருப்பார்கள். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது, பிராசசிங் கட்டணம் போன்றவற்றில் வட்டி மறைந்திருக்கும் என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. ரொக்கம் கொடுத்தால் என்ன விலை, தவணையில் மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. *#06# அழுத்தினால் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்ட போனா, போலி எண்ணா என்று பதில் வரும். இந்தச் சேவையை நடத்துவது மத்திய தொலைத்தொடர்புத் துறை. பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

கடிகாரத்தைக் காட்டிவிட்டார்கள். ஆனால் இதைச் சொல்லாமல் போகமாட்டேன். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம். புதிதாக விற்பனைக்கு வரும் போனின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷத்துக்கு முக்கியமான உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். நம் நாட்டில் மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஓர் இணையதளம் தொடங்கியது. அது போதாது. ஒரிஜினல் டிஸ்ப்ளே கேட்டால் "அந்த மாடலுக்கு வர்றதில்ல" என்று பதில் வருகிறது. வேறு வழியில்லாமல் டூப்ளிகேட் போட்டுக்கொண்டு, டச் தாறுமாறாக ஓடி, திரும்ப என்னிடம் வருகிறார்கள். இந்த மண்ணில் செய்து ஏழு கடல் தாண்டிப் போகும் போனுக்கு, இந்த மண்ணிலேயே பாகம் கிடைக்க வேண்டும் என்று இங்கேயும் சட்டம் வர வேண்டும். வரும் என்று நம்புகிறேன்.

எந்த பிராண்டு என்பது உங்கள் விருப்பம். அப்டேட் எத்தனை வருஷம், பாகம் கிடைக்குமா, பக்கத்தில் சர்வீஸ் சென்டர் உண்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். இந்த வாரம் எக்ஸ்சேஞ்சுக்குப் போவதாக இருக்கும் நேயர்களே, போவதற்கு முன் பேட்டரியின் நிலையை ஒரு தடவை பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் பேட்டரி என்ற இடத்தில் இருக்கும், சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியில் இருக்கும், மற்றவர்கள் ஏதாவது ஒரு சர்வீஸ் கடையில் கேளுங்கள். எண்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரியை மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் புதுசு வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள்.