கொட்டை எழுத்தும் தமிழின் காலும்



குன்றின்மேல் தண்டாயுதபாணியும் கீழே ஏகாம்பரேசுவரரும் கோயில் கொண்ட செட்டிகுளத்தில் பத்தாண்டுகளாகத் தமிழ் வளர்த்துவரும் நம் வட்டத்தின் மலர் அச்சேறவிருக்கிறது. கவிதையின் பொருளை ஆராய்கிறோம், யாப்பை ஆராய்கிறோம். ஆனால் கவிதை உடுத்திக்கொள்ளும் எழுத்தின் உருவை நாம் ஆராய்வதில்லை. தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் நாம் எடுத்தாளும் தடித்த எழுத்தை, நம் மக்கள் ‘கொட்டை எழுத்து’ என்றழைக்கும் அவ்வடிவை, இன்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

ஆங்கில அச்சுலகில், 1815ஆம் ஆண்டையொட்டி, இலண்டனில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் என்பார் புதியதொரு தடித்த எழுத்தை வார்த்தளித்தார். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் செங்கல்லை வைத்தாற்போன்ற கனத்த கட்டை நிற்கும். நூலுக்கன்று, விளம்பரத்திற்கென்றே பிறந்த எழுத்து அது. 1827இல் அமெரிக்கர் டேரியஸ் வெல்ஸ் பெரிய எழுத்துகளை மரத்தில் பெருமளவில் செய்யும் முறையைக் கண்டார். 1845இல் இராபர்ட் பெஸ்லியின் ‘கிளாரண்டன்’ வந்தது. பழமை மணம் வேண்டுவோர் இன்றும் விரும்புவது இக்கட்டை முனை எழுத்தையே.

இதனைத் தமிழுக்கு அப்படியே கொணரலாமா? இங்கேதான் சிக்கல் எழுகிறது. ஆங்கில எழுத்தின் அடியில் கட்டை வைத்தாலும் எடுத்தாலும் அது அதே எழுத்துதான். முனை அங்கே அணி. தமிழிலோ முனை பொருள் தருவது. எகரத்தின் அடியில் ஒரு சிறு கோட்டை இழுத்துவிட்டால் அது ஏகாரமாகிறது. ‘எரி’ என்பது ‘ஏரி’யாகி நெருப்பு நீராகிவிடுகிறது. ஆகாரக் காலின் அடியில் ஒரு பாதம் வைத்தால் அது ரகரமாகிறது. ‘நாகம்’ என்பது ‘நரகம்’ ஆகிவிடுகிறது! பழைய அச்சுமுகங்கள் சிலவற்றில் ‘ரி’, ‘ர்’ ஆகியவை பாதமின்றியே வருவதைக் கண்டிருப்பீர்கள். அங்கே மேல்விலங்கும் புள்ளியும் துணை நிற்பதால் பொருள் கெடுவதில்லை. வெற்றுக் காலுக்கு அத்துணை இல்லை.

இவ்வேறுபாடுகள் எளிதில் வந்தவையல்ல. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. ஆயினும் ஓலையில் புள்ளி இடாமல் எழுதுதல் பெருவழக்காயிற்று. காலும் ரகரமும் ஒன்றுபோலவே கிடந்தன. ஏடு பதிப்பித்த சான்றோர் பட்ட பாட்டில் இதற்கும் ஒரு பங்குண்டு. நெடில்களை வேறுபடுத்தும் வடிவை நிலைநாட்டிய பெருமை வீரமாமுனிவருக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. அத்தனை தலைமுறைகள் முயன்று பெற்ற தெளிவை, அழகின் பெயரால் ஒரு கட்டை முனைக்குப் பலியிடுதல் தகுமா?

தடிப்பு வேண்டாம் என்பதன்று என் கருத்து. தமிழ் அச்சின் வரலாற்றில் பெரிய எழுத்துக்குத் தனியிடம் உண்டு. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. பின்னர் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் பெரியனவாயிருந்து தாளைத் தின்றன. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் இன்னும் நுண்ணிய எழுத்துகளைச் செய்வித்தார். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி அவ்வச்சகத்தின் ஆக்கமே.

எழுத்து இவ்வாறு சிறுத்துக்கொண்டே வந்தபோது, எதிர்த்திசையில் நடந்தவை ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள். சென்னை பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றோர் வெளியிட்ட பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லியரசாணி மாலை முதலியவற்றின் பெயரிலேயே எழுத்தின் அளவு இடம்பெற்றுவிட்டது. மங்கிய விளக்கொளியில் ஒருவர் உரக்கப் படிக்க, பலர் சூழ்ந்திருந்து கேட்பதற்கு ஏற்ற நூல்கள் அவை. எழுத்துக்கூட்டிப் படிப்போரையும் கண் மங்கிய முதியோரையும் மதித்த எழுத்து அது. மேலைநாட்டில் தடித்த எழுத்து வாங்குவோரைக் கூவி அழைத்தது. நம் நாட்டில் பெரிய எழுத்து படிப்போரின் கைபிடித்து நடத்தியது. நமக்குரிய மரபு இதுவே எனக் கருதுகிறேன்.

இன்று கணிப்பொறியில் தமிழுக்கென்றே வரைந்த தடித்த எழுத்துருக்கள் கிடைக்கின்றன. மும்பை ஏக் டைப் குழுவினர் தம் ‘பலூ’ வரிசையின் தமிழ் வடிவுக்குத் ‘தம்பி’ என்றே பெயரிட்டு விலையின்றி வழங்குகின்றனர். அதில் கட்டை முனை இல்லை. உருண்ட முனைகளே தடிப்பைத் தாங்குகின்றன. ஆயினும் மெல்லிய எழுத்தைப் பொறியின் விசையால் ஊதிப் பெருக்கும் வழக்கம் நம்மை விட்டபாடில்லை. அவ்வாறு பெருக்கும்போது ணகரத்தின் சுழிகள் அடைபடுகின்றன. புள்ளி தலையோடு ஒட்டுகிறது. புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். கவிஞரின் சீரும் தளையும் அங்கேயே சிதையும்.

ஆகவே வட்டத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். மலரின் முகப்பெழுத்தைத் தேர்வதற்குமுன் எரி–ஏரி, நாகம்–நரகம், கனம்–கணம் என்னும் மூன்று இணைகளை அவ்வெழுத்தில் அச்சிட்டுப் பத்தடி தொலைவில் நிறுத்திப் பாருங்கள். ஐயமின்றிப் படிக்க முடிந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்து, முகப்பில் முழங்கிவிட்டு உள்ளே கவிதைகளை எறும்புச் சாரையாக அச்சிட வேண்டாம். நான்கு பக்கம் கூடினாலும் கூடட்டும்; உழுது களைத்து வந்தவரும், பேரப் பிள்ளையின் துணையின்றிப் படிக்க விழையும் பாட்டியும் நம் கவிதையைத் தம் கண்ணாலேயே படிக்கட்டும்.

எழுத்தென்பது கவிதையின் கால். அது தெளிவாக ஊன்றினால்தான் கவிதை ஊர்வலம் போகும்.